காசு எங்களுடையது, வீடு அவர்களுடையது

நாங்கள் அழைத்த அகதிக் குடும்பத்தை வரவேற்க விமான நிலையத்துக்கு யார் யார் போவது என்பதில்தான் எங்கள் குழுவின் முதல் சண்டை வந்தது. எல்லாருக்கும் போக ஆசை. பூங்கொத்து, பலூன், அரபியில் எழுதிய வரவேற்பு அட்டை, உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் என்று ஒரு கலியாண வீட்டு ஏற்பாடே நடந்துகொண்டிருந்தது. குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். ரீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவர் கடைசியில் வாயைத் திறந்தார். "பெய்ரூட்டில இருந்து பிளேன் மாறி, மூண்டு பிள்ளையளோட வாற சனத்துக்கு என்ன வேணும் எண்டு யோசியுங்கோ. ஒரு படுக்கை வேணும். எங்கட முகத்தை நாளைக்கும் பாக்கலாம்தானே."

போனது மூன்று பேர்: வான் ஓட்ட ஒருவர், அரபி பேச ஒருவர், நான். அகதிக் குடும்பங்களை வரவேற்கப் போகும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆட்களைக் குறையுங்கள், சாமான்களைச் சரிபாருங்கள். ஒன்ராறியோவில் சின்னப் பிள்ளைகளை அவர்களின் எடைக்கும் உயரத்துக்கும் ஏற்ற இருக்கை இல்லாமல் காரில் ஏற்ற முடியாது. எட்டு வயது வரும்வரை, அல்லது 36 கிலோவையோ 145 சென்டிமீற்றரையோ எட்டும்வரை, தனி இருக்கை வேண்டும். மூன்று வயதுக்காரனுக்கும் ஏழு வயதுக்காரனுக்கும் இரண்டு இருக்கைகளை முதல் நாளே வானில் பூட்டிப் பார்த்து வைத்திருந்தோம்.

அதைவிடப் பயன்பட்டது ஒரு பழைய கைத்தொலைபேசி. சிம் போட்டு, ஒரு மாத இணையத்துக்குக் காசு கட்டி, வாட்ஸ்அப்பை ஏற்றிக் கொண்டுபோயிருந்தோம். வானில் ஏறியதும் அந்தக் குடும்பத்துப் பெண் தன் தாய்க்கு அழைத்தார். வீடு வந்து சேரும்வரை அந்த அழைப்பு முடியவில்லை. நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பு வசனங்களுக்கு இடமே கிடைக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

இன்னொன்று: குடிவரவு அதிகாரியின் மேசையை விட்டு நகர்வதற்கு முன்பே தரையிறங்கும் தாளில் உள்ள பெயர்களையும் பிறந்த திகதிகளையும் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கச் சொல்லி, முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தோம். அந்தத் தாளில் உள்ள எழுத்துத்தான் பிறகு சின் நம்பரில் (சமூகக் காப்புறுதி எண்), ஹெல்த் காட்டில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் ஏறும். மேசையில் இரண்டு நிமிடத்தில் திருத்துவதை வெளியே வந்தபின் திருத்த மாதக்கணக்காகும்.

இது நடந்தது 2016 ஏப்ரலில். சிரிய அகதிகளைக் கனடா பெருமளவில் வரவழைத்த காலம். முதல் 25,000 பேர் பெப்ரவரி முடிவதற்குள் வந்து இறங்கிவிட்டார்கள். எங்கள் குடும்பம் அதற்கு அடுத்த அலையில் வந்தது. அலெப்போவில் தரை ஓடு பதிக்கும் வேலை செய்தவர், அவருடைய மனைவி, பதின்மூன்று வயது மகள், இரண்டு மகன்கள். இடையில் சில வருடங்களை லெபனானில் கழித்தவர்கள்.

கனடாவின் தனியார் ஸ்பொன்சர் முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குழுவாகலாம். அல்லது அரசுடன் உடன்படிக்கை செய்துகொண்ட தேவாலயம், பள்ளிவாசல், சமூக அமைப்பு ஒன்றின் கீழ் வேலை செய்யலாம். வரும் குடும்பத்தின் முதல் பன்னிரண்டு மாதச் செலவுக்கும் குடியமர்வுக்கும் அந்தக் குழுவே பொறுப்பு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அப்போது 30,000 டொலர் அளவில் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. வரும் குடும்பம் கனடாவில் கால்வைத்த நாளிலேயே நிரந்தர வதிவிட உரிமை பெற்றுவிடும். 1979, 1980 ஆண்டுகளில் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் அகதிகள் 60,000 பேர் வந்தபோதுதான் இந்த முறை பெரிதாக வளர்ந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அழைத்தவர்கள் சாதாரண மக்கள். அதற்காக 1986இல் ஐக்கிய நாடுகள் அகதிகள் நிறுவனத்தின் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கே வழங்கப்பட்டது.

அதே 1986 ஓகஸ்ட்டில்தான் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டு கரைசேர்க்க உதவினார். தமிழரில் பெரும்பாலானோருக்கு ஸ்பொன்சர் குழு என்ற ஒன்றே தெரியாது. வந்து இறங்கி, அகதி என்று சொல்லி, வழக்கு நடத்தி இருந்தவர்கள் நாங்கள். எங்களைத் தாங்கியது சொந்தக்காரரின் பேஸ்மன்ற்.

நானும் எண்பதுகளின் கடைசியில் ஸ்காபரோவில் ஒரு சொந்தக்காரர் வீட்டு பேஸ்மன்ற்றில் இருந்தவள். அவர்கள் நல்லவர்கள். சாப்பாடு தந்தார்கள், வேலை எடுத்துத் தந்தார்கள். கூடவே யார் போன் எடுத்தது, ஏன் இவ்வளவு நேரம் லைற் எரிந்தது, அந்தச் சப்பாத்து என்ன விலை என்றும் கேட்டார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் இருப்பது அவர்கள் வீட்டில். சிரியக் குடும்பத்துக்காகக் காசு சேர்க்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த லைற் கேள்விதான். இங்கே நான் சொல்லப்போகும் ஆலோசனைகள் பலவற்றின் வேர் அதில் இருக்கிறது. காசு கொடுக்கும் கைக்குக் கேள்வி கேட்கும் பழக்கம் தானாக வந்துவிடும். அதைக் கட்டுப்படுத்துவதுதான் இந்த வேலையில் மிகக் கடினம். குளிரும் மொழியும் அதற்குப் பிறகுதான்.

வங்கிக் கணக்கை முதல் வாரத்திலேயே திறந்தோம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி அட்டை. மாதத்தின் முதல் நாள் காசு நேரே அந்தக் கணக்கில் விழும். குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. சாமான் வாங்க நாங்களே கூட்டிக்கொண்டு போய் நாங்களே காசு கட்டலாம், வீண் செலவு வராது என்றார்கள். இன்னொருவர் பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லலாம் என்றார். எங்கள் கணக்குக்குப் பொறுப்பாக இருந்த அண்ணை அதற்குச் சொன்ன பதில் எனக்கு இன்னும் பிடிக்கும். "நாங்கள் எவ்வளவு குடுத்தம் எண்டதுக்குத்தான் கணக்கு வேணும். அந்தப் பிள்ளை தக்காளி வாங்கினதுக்கு எனக்கேன் கணக்கு?"

கணக்கில் காசு போன மூன்றாவது மாதமே அவர்கள் லெபனானில் இருக்கும் தம்பிக்கு ஒரு தொகை அனுப்பிய விஷயம் வெளியே வந்தது. நாங்கள் சேர்த்த காசு வெளிநாட்டுக்குப் போகிறது என்று கூட்டத்தில் முணுமுணுப்பு. நான் கேட்டது ஒன்றுதான். பாத்திரம் கழுவிய காசில் பாதியை உண்டியலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பாத தமிழர் எங்களில் யாராவது உண்டா? அங்கே ஒரு தாய் பட்டினி கிடக்கும்போது இங்கே யாரும் நிம்மதியாகச் சாப்பிடப்போவதில்லை. காசை அவர்கள் எங்கே செலவழித்தாலும் வாடகையும் மின்சாரக் கட்டணமும் கட்டப்பட்டால் சரி. இதைக் குடும்பம் வருவதற்கு முன்பே குழுவுக்குள் பேசி முடித்துவிடுங்கள். வந்தபின் பேசினால் அது அந்தக் குடும்பத்தைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிடும்.

அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கடனும் இருந்தது. அகதிகளாக வருவோரின் விமானச் சீட்டுக்கும் மருத்துவச் சோதனைக்கும் ஆன செலவைக் கனடா அரசு அப்போது பெரும்பாலும் கடனாகவே தந்தது. பெப்ரவரி முடிவுக்குள் வந்த சிரியர்களுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. பிறகு வந்தவர்களுக்கு இல்லை. ஒரே கட்டடத்தில் ஒரு குடும்பத்துக்குக் கடன் உண்டு, மேல்மாடிக் குடும்பத்துக்கு இல்லை என்றால் மனம் எப்படி இருக்கும்? அந்தக் கடனுக்கு அப்போது வட்டியும் இருந்தது. 2018இல்தான் வட்டியை எடுத்தார்கள். எங்களால் செய்ய முடிந்தது, கடிதம் வந்த அன்றே அதை வாசித்து விளக்கி, மாதம் எவ்வளவு கட்டலாம் என்று அவர்களையே முடிவுசெய்ய விட்டதுதான்.

பிள்ளைகளுக்கான உதவித்தொகையைப் பற்றி, எங்கள் ஆட்கள் இன்னும் 'பேபி போனஸ்' என்று சொல்வதைப் பற்றி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு குடும்பத்தை நிலைநிறுத்துவதில் அதற்கு இணையான காசு வேறு இல்லை. 2016 ஜூலையில் அது புதிய வடிவில் வந்தது. அப்போது ஆறு வயதுக்குக் கீழ் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,400 டொலர் வரை, ஆறிலிருந்து பதினேழு வரை 5,400 டொலர் வரை. எங்கள் குடும்பத்துக்கு வருடம் 17,200 டொலர். ஆனால் அது தானாக வராது. புதிதாக வந்தவர்கள் தனிப் படிவம் நிரப்பி, கனடாவுக்கு வருமுன் உலகில் எங்கு என்ன வருமானம் இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சின் நம்பர் கிடைத்த அன்றே அனுப்பிவிடுங்கள். வீட்டில் தாய் இருந்தால் பிள்ளைகளைப் பார்ப்பவர் அவர்தான் என்று வரித் திணைக்களம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காசு தாயின் பெயரில் வரும். அந்தப் பெண்ணுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பெயரில் மாதாமாதம் ஒரு வருமானம். வீட்டில் அதனால் கொஞ்சம் புகைச்சலும் வந்தது. நாங்கள் தலையிடவில்லை.

அடுத்த விஷயம்தான் பலருக்குச் சறுக்கும் இடம். ஒரு சதம் உழைக்காவிட்டாலும் கணவனும் மனைவியும் ஏப்ரல் 30க்குள் வரி அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஜூலையில் உதவித்தொகை நின்றுவிடும். உழைக்காதவனுக்கு எதற்கு வரி என்று நினைத்துச் சும்மா இருந்த குடும்பங்கள் வாடகைக்குத் திண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன்.

வீடு தேடுவதில் ஒரே ஒரு விதியை வைத்தோம். எங்கள் காசு நின்றபிறகும் அவர்களால் வாடகை கட்டக்கூடிய வீடாக இருக்க வேண்டும். நல்ல மனம் கொண்ட ஒருவர் தன் வீட்டைப் பாதி வாடகைக்கு ஒரு வருடம் தருகிறேன் என்றார். அழகான வீடு. ஆனால் பேருந்து அரை மணிக்கு ஒன்று, கடைக்குக் கார் வேண்டும், வருடம் முடிந்ததும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்ற வேண்டும். நன்றி சொல்லி விட்டுவிட்டோம். ஸ்காபரோவில் லோரன்ஸ் கிழக்கு வீதிப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில் இரண்டு அறை வீடு எடுத்தோம். அந்த வீதியில் நடக்கும் தூரத்தில் அரபிக் கடைகள், ஹலால் இறைச்சி, சூடான ரொட்டி. மொழி தெரியாமலே அந்தப் பெண் இரண்டாம் நாள் தனியாகக் கடைக்குப் போய்வந்தார். வீட்டின் அழகைவிட அந்த ஒரு நடை பெரிது.

வாடகை விஷயத்தில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் முற்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும்தான். சேதத்துக்கென்று தனிப் பிணைப்பணம் கேட்கக்கூடாது. கனடாவில் கடன் வரலாறு இல்லை என்பதைக் காட்டி ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. கேட்டால் கொடுத்துவிடும் மனநிலையில்தான் புதிதாக வந்தவர்கள் இருப்பார்கள்.

தளபாடம் பற்றி இரண்டு வரி போதும். மெத்தை புதிதாக வாங்குங்கள், மூட்டைப்பூச்சி வந்தால் அதன் செலவு வேறு. மற்றதெல்லாம் குறைவாக வைத்து, திரைச்சீலையையும் பாத்திரத்தையும் அவர்கள் தெரிவுசெய்ய விடுங்கள். மூன்று பேர் மூன்று சோபாவைக் கொண்டுவந்து இறக்கிய வீடுகளில் நடக்க இடமிருக்காது, வந்தவர்களுக்கு வேண்டாம் என்று சொல்ல வாயும் வராது.

வீட்டுத் திறப்பு எத்தனை உண்டோ அத்தனையும் அவர்களிடம். அவசரத்துக்கென்று ஒன்றைக் குழுவில் வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை வந்தது. ஏற்கவில்லை. போவதற்கு முன் செய்தி அனுப்ப வேண்டும், பதில் வந்தால்தான் போக வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு மேல் போகக்கூடாது. முதல் மாதத்தில் இது அவசியம், ஏனென்றால் ஆர்வத்தில் காலையில் ஒருவர் வந்து ஒரு தொலைபேசித் திட்டத்தைச் சிபாரிசு செய்வார், மாலையில் இன்னொருவர் வந்து அது மோசம் என்பார். வேலையைப் பிரித்துக்கொண்டோம். காசுக்கு ஒருவர், மருத்துவத்துக்கு நான், பள்ளிக்கூடத்துக்கு ரீச்சர். அந்தந்த விஷயத்தில் அந்த ஒருவரின் சொல் மட்டுமே குடும்பத்துக்குப் போகும்.

நான் பல் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் வேலை செய்பவள் என்பதால் மருத்துவம் என் தலையில் விழுந்தது. அகதிகளுக்கென்று ஒன்றிய அரசின் இடைக்கால மருத்துவக் காப்புறுதி இருக்கிறது. மாகாணத்தின் ஹெல்த் காட் தராத மருந்து, கண்ணாடி, அவசரப் பல் சிகிச்சை போன்றவற்றை ஸ்பொன்சர் காலத்தில் அது ஏற்கும். 2012இல் அதைப் பெருமளவு வெட்டினார்கள். 2016 ஏப்ரல் முதல் நாள் முழுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் எல்லா மருத்துவரும் மருந்துக்கடையும் அதை ஏற்பதில்லை. அந்தத் திட்டத்தில் பதிவு செய்தவர்கள் மட்டுமே ஏற்பார்கள். ஆகவே போவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள். பிள்ளையோடு போய் மேசையில் நின்று இல்லை என்ற பதிலைக் கேட்பது எவ்வளவு அவமானம் என்று மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எனக்குத் தெரியும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. பிள்ளையை வைத்து மருத்துவரிடம் பேசக்கூடாது. பதின்மூன்று வயது மகள் ஆறு மாதத்தில் ஆங்கிலத்தில் சரளமாகிவிட்டாள். உடனே வீட்டின் காரியதரிசி அவள்தான் என்றாகிவிட்டது. மின்சாரக் கட்டணம், வீட்டுக்காரரின் கடிதம், தாயின் மாதவிடாய்ப் பிரச்சினை எல்லாம் அவள் வாய் வழியாக. பள்ளிக்கூடத்தைத் தவறவிட்டு அலுவலகங்களில் காத்திருந்தாள். ரீச்சர் தகப்பனிடம் நேரே பேசினார். அந்தப் பிள்ளை பள்ளிக்கூட நேரத்தில் எந்த அலுவலகத்துக்கும் வராது என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்.

பெரிய ஆளை மொழிபெயர்ப்புக்குப் பிடித்தாலும் கேட்டுவிட்டுப் பிடியுங்கள். எங்கள் குழுவின் அரபி பேசும் நண்பர் அருமையான மனிதர். ஆனால் ஆண். அந்தப் பெண் அவர் முன்னால் மருத்துவரிடம் எதுவுமே சொல்லவில்லை. இன்னொரு தடவை அதே நாட்டைச் சேர்ந்த ஒருவர் தொலைபேசியில் வந்தார். ஊரின் பெயரைக் கேட்டதும் தகப்பனின் முகம் மாறிவிட்டது. சண்டை நடந்த நாட்டில் எந்த ஊர், எந்தப் பக்கம் என்பது சின்ன விஷயமில்லை. தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கண்டால் இவர் யாருடைய ஆள் என்று எங்கள் ஆட்கள் யோசித்ததை நான் மறக்கவில்லை. அவசரத்துக்கு 911 எடுத்தால் ஆங்கிலத்தில் 'அரபிக்' என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அவர்களே ஆளைப் பிடிப்பார்கள். இதை ஐந்து பேரும் சொல்லிப் பழகினார்கள், மூன்று வயதுக்காரன் உட்பட.

வந்த அடுத்த மாதம் விக்ரோறியா தினம் வந்தது. அன்று இரவு அக்கம்பக்கத்தில் வாணவேடிக்கை விடுவார்கள். இரண்டு நாளுக்கு முன்பே வாட்ஸ்அப்பில் காணொளி அனுப்பி, எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும் என்று சொல்லிவிட்டோம். அப்படியிருந்தும் ஏழு வயதுக்காரன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டான் என்று பிறகு தெரிந்தது. ஜூலை முதல் நாள் கனடா தினத்துக்கும் அதே ஏற்பாடு. அன்று சத்தம் தொடங்குமுன்பே அறைச் சன்னலை மூடி, கார்ட்டூனைச் சத்தமாகப் போட்டு வைத்தார்கள்.

என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அலெப்போவைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. அவர்களாகச் சொன்னது உண்டு, அதுவும் பாத்திரம் கழுவும்போது, காரில் போகும்போது, பாதி வசனத்தில். கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தூக்கமில்லாமல், பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்து, சாப்பாடும் இறங்காமல் மாதங்கள் போனால் அது தொண்டர் கையாளக்கூடிய காரியம் இல்லை. சித்திரவதைக்கு உள்ளானோருக்கான கனடிய மையம் போன்ற, இதற்கென்றே உள்ள இடங்கள் ரொறன்ரோவில் இருக்கின்றன. எங்கள் ஆட்களில் பலர் அந்தக் கதவைத் தட்டியவர்கள்தான்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகநூலில் போடுவதற்கென்று எடுக்கவே எடுக்காதீர்கள். ஊரில் இருக்கும் தமையனுக்கு அந்தப் படத்தால் என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அனுமதி கேட்டால் ஓம் என்பார்கள். வாடகை கட்டுபவர் கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

அந்த வருடம் ரமழான் நோன்பு ஜூன் 6இல் தொடங்கியது. ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் முடிவே இல்லாதது. சூரியன் மறைய இரவு ஒன்பது மணியாகும். அந்த மாதம் மதியத்துக்கு மேல் எந்தச் சந்திப்பையும் வைக்கவில்லை. நோன்பு திறக்க எங்களைக் கூப்பிட்டார்கள். அவர்களின் காசில் நாங்கள் சாப்பிடுவதா என்று குழுவில் ஒருவர் தயங்கினார். சாப்பிட வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், மிச்சத்தைக் கட்டித் தந்தால் வாங்கிக்கொண்டும் வர வேண்டும். மாதக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு நாள் கொடுக்கக் கிடைப்பதைத் தடுக்காதீர்கள். தக்காளிக் கணக்குக் கேட்க மறுத்த அண்ணை அன்று மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டார்.

தகப்பனுக்கு உடனே வேலை வேண்டும். கையில் தொழில் இருக்கிறது, கட்டட வேலை எங்கும் நடக்கிறது. மொழி வகுப்பை முடித்துவிட்டுப் போகலாம் என்று குழுவில் பெரும்பாலானோர் சொன்னார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அரசு நடத்தும் லிங்க் வகுப்பு இலவசம், அதை விட்டால் பிறகு நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் நாற்பது வயதில் தினமும் வகுப்பில் இருந்து பென்சிலால் கோடு போட்டு விளையாட்டு விளையாடும் மனிதன் மாலையில் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்பதும் இருக்கிறதே. நான் வேலைப் பக்கம் நின்றேன். கடைசியில் வார நாட்களில் வகுப்பு, சனிக்கிழமை ஒரு ஒப்பந்தக்காரரோடு வேலை என்று அவரே ஒரு வழி கண்டார். உழைக்கும் காசு ஒரு அளவைத் தாண்டினால் ஸ்பொன்சர் தொகை குறையலாம் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கையில் காசு வாங்கும் மறைவு வேலைக்குப் போவார்கள். அங்கே அடிபட்டால் நட்டஈடு கேட்கப் பெரும்பாடு படவேண்டும்.

எல்லாரும் தகப்பனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, தாய் வீட்டில் இருந்துவிடுவார். இதுதான் நான் அதிகம் பார்த்த குறை. சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, பிள்ளை பராமரிப்போடு கூடிய வகுப்பில் இடமில்லை, காத்திருப்புப் பட்டியல். பெயரைப் பட்டியலில் முதல் வாரமே போடுங்கள். இடம் வரும்வரை வாரத்தில் இரண்டு காலை யாராவது பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். தொண்டருக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வேலையைத்தான். கவர்ச்சி இல்லாத வேலை, ஆட்களும் குறைவு.

பள்ளிக்கூடம் பற்றி ஒன்று மட்டும். பனி கொட்டினாலும் இடைவேளையில் பிள்ளைகளை வெளியே விளையாட விடுவார்கள் என்பது புதிதாக வருபவருக்குத் தெரியாது. ஜக்கெற் இருக்கும், பனிக் காற்சட்டை இருக்காது. ஒக்ரோபரிலேயே வாங்கிவிடுங்கள்.

எட்டாவது மாதத்தில் மேசையைச் சுற்றி எல்லாரும் இருந்து, எங்கள் காசு இல்லாத மாதத்தின் வரவு செலவைத் தாளில் எழுதினோம். பேபி போனஸ், தகப்பனின் உழைப்பு, வாடகை, பஸ் காசு, கடன் தவணை. கொஞ்சம் இடித்தது. பன்னிரண்டு மாதம் முடிந்தபின் தேவையானால் மாகாணத்தின் வெல்ஃபெயருக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னபோது குழுவில்தான் முகங்கள் சுருங்கின. அது எங்கள் தோல்வி போல அவர்களுக்குப் பட்டது. ஏன் படவேண்டும்? தமிழரில் எத்தனை குடும்பம் அந்தக் காசில் இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, பிறகு வீடு வாங்கியது. எங்கள் குடும்பம் கடைசியில் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் இதையேதான் எழுதுவேன்.

வேறொரு குழு அழைத்த குடும்பம் நான்காவது மாதமே வின்ட்சருக்குப் போய்விட்டது. அங்கே மைத்துனர் இருந்தார். அந்தக் குழுவினர் மனமுடைந்து போனார்கள். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் கனடாவில் எங்கும் வாழலாம். ஸ்பொன்சர் செய்தவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. இதை மனத்தளவில் ஏற்க முடியாதவர்கள் இந்த வேலைக்கு வராமல் இருப்பது நல்லது. வேறு நல்ல காரியங்கள் நிறைய இருக்கின்றன.

இப்போது ஒரு குடும்பத்தை அழைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஐவர் குழுக்களிடமிருந்தும் சமூக அமைப்புகளிடமிருந்தும் புதிய விண்ணப்பம் வாங்குவதை அரசு நிறுத்திவைத்தது. அதற்கு முன் கொடுத்தவையே மலைபோல் கிடக்கின்றன. உடன்படிக்கை உள்ள அமைப்புகள் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் அழைக்கின்றன. அப்படி ஒன்றில் உங்கள் தேவாலயமோ கோயிலோ சேர முடியுமா என்று விசாரியுங்கள். அழைத்து வருபவர்களுக்கு மட்டும்தான் உதவி தேவை என்றும் இல்லை. 2023 கோடையில் ஆபிரிக்க நாடுகளிலிருந்து அகதி அந்தஸ்துக் கேட்டு வந்தவர்கள் ரொறன்ரோ நகர மையத்தில் பீற்றர் வீதி நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். கறுப்பின மக்களின் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்தன. எங்களைப் போல ஸ்பொன்சர் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள்.

பெரிய குழுவும் பெரிய காசும் இல்லாமல் தனியாளாகத் தொடங்க விரும்பினால் வரி அறிக்கை நிரப்பும் இலவச முகாம்களில் சேருங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காகச் சமூக அமைப்புகள் அவற்றை மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடத்துகின்றன. பயிற்சியும் மென்பொருளும் வரித் திணைக்களம் தருகிறது. ஒரு மாலையில் நீங்கள் நிரப்பும் ஒரு படிவம் ஒரு வீட்டின் ஜூலை மாதக் காசைக் காப்பாற்றும். தமிழ் தெரிந்தவர்களும் வேண்டும், தமிழோடு கொஞ்சம் பொறுமை தெரிந்தவர்கள் இன்னும் வேண்டும். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள். அது கைக்கு வர நேரமெடுக்கும் என்பதால் ஜனவரியிலேயே விண்ணப்பித்து வைத்துவிடுங்கள்.